அக்கா வீட்டு அத்தியும் என் சம்பந்தியும்

இப்போது காலை நீட்டி உட்கார்ந்து நிம்மதியாகச் சொல்லலாம். அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். என் சம்பந்தி ஒரு மரத்தை வெட்டினார். அதனால் கூடப் பிறந்த அக்காவின் உறவே அறுந்துபோகப் பார்த்தது. அறுந்துபோகவில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கேட்கிறவர்கள் பதற வேண்டாம்.

சம்பந்தி என்றால் என் மருமகளைப் பெற்றவர். நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவளும் அந்த மருமகள்தான். எனக்குப் பேச்சு வரும், எழுத்து வராது. அவள் அப்பாவைப் பற்றி அவளையே எழுதச் சொல்வதில் ஒரு வசதி இருக்கிறது: நான் ஒன்றைக் கூட்டிச் சொன்னால் உடனே பிடித்துவிடுவாள். ஒரு தொல்லையும் இருக்கிறது: "அதை விட்டுடலாம் அத்தை, அப்பா மனசு கஷ்டப்படும்" என்று பேனாவை மூடிவிடுவாள். நானும் வாயை மூடிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பேன். கொஞ்ச நேரத்தில் பேனா தானாகத் திறக்கும்.

அவர் கண்ணாடிக்காரர். முகம் பார்க்கும் கண்ணாடி இல்லை, மூக்குக் கண்ணாடியும் இல்லை, ஜன்னல் கண்ணாடி. பஸ் டிப்போவுக்குப் பின்னால் ஒரு சந்தில் கடை. உள்ளே நுழைந்தால் இரண்டு பக்கமும் ஆள் உயரத் தகடுகள் அலமாரியில் புத்தகம் அடுக்கியதுபோல் நிற்கும். நடுவில் பழைய கம்பளம் விரித்த ஒரு பெரிய மேசை. தகட்டை அதில் படுக்கவைத்து, வைரமுனைக் கருவியால் ஒரே இழுப்பு இழுப்பார். பல் கூசும்படி ஒரு கீச்சொலி. பிறகு விளிம்பில் மெல்ல ஒரு தட்டு. தகடு சொன்ன பேச்சைக் கேட்டு இரண்டாகப் பிரியும். அந்த வேலையில் சேர்ந்தபோது அவருக்கு மீசை முளைத்திருக்கவில்லை. விட்டபோது மீசை முழுக்க வெள்ளை. இடது கட்டைவிரலில் பிறைபோல் ஒரு தழும்பு இருக்கிறது. எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் ஜன்னலைத்தான் பார்ப்பார். என் மகனைப் பார்க்க முதல்தடவை எங்கள் வீட்டுக்கு வந்தபோதுகூட, மாப்பிள்ளையைப் பார்ப்பதற்கு முன் ஜன்னலைப் பார்த்து, "கண்ணாடியைச் சுத்திப் பூசின புட்டி வெடிச்சிருக்கே, மழை உள்ள வருமே" என்றார். வரும்தான். அடியில் வாளி வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தோம். அதை நான் அவரிடம் ஒப்புக்கொள்ளவில்லை.

அவருடைய மனைவி போய்ச் சேர்ந்த பிறகு மகளோடு இருக்க எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். மூன்றாவது மாடி, இரண்டு அறை, துணி காயப்போட ஒரு சின்ன பால்கனி. ஒரே வீட்டில் இரண்டு சம்பந்திகள் இருந்தால் பாத்திரம் பறக்கும் என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். ஒன்றும் பறக்கவில்லை. எங்களுக்குள் இருந்த சண்டை ஒன்றே ஒன்றுதான். எனக்கு ஜன்னல் திறந்திருக்க வேண்டும். அவருக்கு மூடியிருக்க வேண்டும்.

"வெளிச்சம் வருதில்ல சம்பந்தியம்மா? அதுக்குத்தானே ஜன்னல்?"

"காத்துக்கும்தான் ஜன்னல். வெளிச்சம் மட்டும் போதும்னா ஒரு பல்பு போட்டுட்டுப் போயிடலாமே."

நான் திறப்பேன். நான் குளிக்கப் போன நேரம் பார்த்து அவர் மூடுவார். திரும்பி வந்து திறப்பேன். அப்படியே பொழுது ஓடும்.

அவருடைய அக்காவைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. தாய் இல்லாமல் வளர்ந்தவர் சம்பந்தி. பசிக்குப் போட்டது, தலை சீவிவிட்டது, பள்ளிக்கூடத்தில் அடிவாங்கி வந்தால் போய் மல்லுக்கு நின்றது எல்லாமே அந்த அக்காதான். லாரிகளை எடை போடும் மேடையில் வேலை பார்த்தவர். வண்டி திரும்பும்போதே சக்கரம் அமுங்குவதைப் பார்த்து எடையைச் சொல்லிவிடுவாராம். டிரைவர்கள் கெஞ்சினாலும் மிஞ்சினாலும் முள் எங்கே நிற்கிறதோ அதுதான் பேச்சு. அதனால் அவருக்குக் "கறார்" என்று பெயர் வைத்தார்கள். வேலையை விட்ட பிறகும் பெயர் விடவில்லை. கல்யாணம் வேண்டாம் என்றுவிட்டார், அதிலும் கறார்தான். என் மருமகளுக்கு நானும் அத்தை, கறாரும் அத்தை. எந்த அத்தை என்று கேட்டால் "திட்டுற அத்தை" என்பாள். அப்போதும் குழப்பம் தீராது.

தினமும் காலையில் டீ குடிக்கிற நேரத்துக்குக் கறாரிடமிருந்து போன் வரும். என்ன சாப்பிட்டாய், மாத்திரை போட்டாயா, இருமல் எப்படி. இவர் "ம்", "ஆச்சு", "ம்" என்பார். அவ்வளவுதான் பேச்சு. அது முடிந்தால்தான் இவருக்குப் பொழுது விடியும்.

கறாரின் வீட்டுக் கொல்லையில், சமையலறைச் சுவரை ஒட்டி ஒரு சீமை அத்தி இருந்தது. ஒரு லாரி டிரைவர் எங்கிருந்தோ கொண்டுவந்த கொம்பை நட்டு வளர்த்தது. இலை, உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று இருக்கும். பழம் கருஞ்சிவப்பு, பிய்த்தால் உள்ளே தேன். பழுக்கிற காலத்தில் சம்பந்தி ஒரு கூடையோடு போவார், நிறைத்துக்கொண்டு வருவார். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக்கூட எண்ணித் தருகிற கறார், தம்பியின் கூடைக்கு மட்டும் கண்ணை மூடிக்கொள்வார்.

அந்த வருஷம் கறாருக்கு முழங்காலில் ஆபரேஷன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகும், எங்கள் மாடிப்படி ஏற முடியாது என்று ஒரு தோழியின் வீட்டில் தங்கியிருந்தார். வீட்டுச் சாவி தம்பியிடம். தம்பிக்கு ஒரு பழைய கடன் மனதில் இருந்தது. "கண்ணாடிக்காரனோட அக்கா வீட்டுச் சமையலறை குகை மாதிரி இருக்கு, வெளிய சொல்லாத" என்று கறார் அடிக்கடி குத்துவார். வேலையை விட்டுவிட்டோம், கையில் நேரம் இருக்கிறது, அக்கா திரும்புவதற்குள் ஒரு பெரிய ஜன்னல் வைத்துவிட வேண்டும் என்று கிளம்பினார். கொத்தனாரைக் கூட்டிப் போய்ச் சுவரை அகலப்படுத்தினார். கதவு வெளிப்பக்கம் திறக்கிற நல்ல ஜன்னல். அதைத் திறக்கவிடாமல் எதிரே நின்றது அத்தி. ஒரு இலை இல்லை. சாம்பல் நிறத்தில் வெறும் குச்சிகள். கிளையைத் தட்டிப் பார்த்தார். செத்துப்போய்விட்டது என்று முடிவு கட்டினார்.

கறார் வந்து பார்த்தால் மனம் வாடுமே என்று, வெட்டி, வேரோடு தோண்டி எடுத்து, பள்ளத்தில் ஜல்லி கொட்டி, மேலே வழவழவென்று சிமெண்ட் பூசிவிட்டார். பாசத்தில் செய்தது. அதுதான் கொடுமை.

கறார் திரும்பி வந்த அன்று நாங்கள் எல்லோரும் போயிருந்தோம். ஊன்றுகோலோடு மெதுவாக நடந்தவரைத் தம்பி நேராகச் சமையலறைக்குக் கூட்டிப் போனார். முகத்தில் அப்படி ஒரு பெருமை. உள்ளே வெளிச்சம் கொட்டிக் கிடந்தது. அடுப்பு மேடையில் இருந்த பழைய எண்ணெய்க் கறைகூடத் தெரிந்தது.

"எப்படிக்கா இருக்கு?"

கறார் கண்ணாடி வழியாக வெளியே பார்த்தார். மதில் சுவர், துணிக்கொடி, சிமெண்ட் தரை.

"மரம் எங்கடா?"

"அது செத்துப்போச்சுக்கா. ஒரு இலை இல்ல. நீ பாத்தா வருத்தப்படுவேன்னு நானே எடுத்துட்டேன். வேரோட எடுத்தாச்சு. இனிமே குப்பையும் விழாது பாரு."

கறார் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்து வைத்தார். அடிக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். அதற்காக இருந்தால் கையிலேயே வைத்திருப்பாரே என்று அப்புறம் தோன்றியது.

"குளிர் வந்தா அது இலையைக் கொட்டிட்டுத் தூங்கும்டா. வருஷா வருஷம் தூங்குது. உனக்கு எப்படித் தெரியும்? நீ எப்ப வருவ? பழுத்தா வருவ. கூடையோட வருவ."

அதுதான் உண்மை. கண்ணாடிக்காரர்களுக்குக் குளிர்காலம்தான் கை ஓயாத காலம். வெயில் அடிக்கும்போது உடைந்த ஜன்னலை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள்; குளிர்காற்று உள்ளே புகுந்து காதைக் கடித்த பிறகுதான் ஊரே கடைக்கு ஓடிவரும். இத்தனை வருஷ உழைப்பில் குளிர்காலத்தில் ஒரு நாள்கூட அவர் அக்கா வீட்டுக் கொல்லைக்குப் போனதில்லை. மொட்டையாக நிற்கிற அத்தியை அவர் பார்த்ததே அதுதான் முதல்தடவை. பார்த்த கையோடு வெட்டியும்விட்டார்.

"வேற மரம் வாங்கித் தர்றேன்க்கா. இதைவிடப் பெருசா."

"அப்படியே எனக்கு வேற தம்பியும் ஒண்ணு வாங்கிட்டு வா. இதைவிடப் புத்தியுள்ளவனா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மருமகள் என் கையைக் கிள்ளினாள். கிள்ளவில்லை என்கிறாள் இப்போது. கிள்ளினாள், எழுது.

"என் மரத்தை எங்க கொண்டு போனியோ அங்கிருந்து கொண்டு வா" என்றார் கறார். "அது இல்லாம இந்த கேட்டைத் தாண்டாத. போனும் பண்ணாத."

முள் நின்ற இடம் அது. இனி அசையாது என்று எல்லோருக்கும் தெரிந்தது.

மறுநாள் காலை போன் அடிக்கவில்லை. சம்பந்தி டீயை வைத்துக்கொண்டு போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். டீ ஆறி ஆடை கட்டியது. அதற்கடுத்த காலையும் அப்படித்தான். ஜன்னலை நான் திறந்து வைத்தேன், அவர் வந்து மூடவில்லை.

அதே ஜாதி அத்தி கிடைக்குமா என்று கேட்க அவர் ஒரு நர்சரிக்குப் போனார். நானும் கூடப் போனேன். வேண்டாம் என்றார், கேட்கவில்லை. நர்சரிக்காரர் பூத்தொட்டிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே முழுக் கதையையும் கேட்டார்.

"வெட்டின கொம்பெல்லாம் என்ன பண்ணீங்க?"

"என் பழைய கடைக்குப் பின்னால போட்டிருக்கேன். கட்டுக்கட்டி, ஈரத் தார்ப்பாய்க்கு அடியில. குப்பை வண்டியில ஏத்தணும்."

நர்சரிக்காரர் தண்ணீர்க் குழாயை மூடினார். "ஏத்தாதீங்க! தூங்குற கொம்புதான் வேர் விடும். முழிச்சிருக்கிறப்ப வெட்டியிருந்தா ஒண்ணும் பண்ண முடியாது. தப்பான மரத்தைச் சரியான நேரத்துல வெட்டியிருக்கீங்க, போங்க."

"அது வேர் விட்டா அதே மரமா?" என்றார் சம்பந்தி.

"பின்ன? விதை போட்டாத்தான் வேற மரம். கொம்பு வெச்சா அதே மரம்தான்."

வீடு வரும்வரை சம்பந்தி அந்த ஒரு வார்த்தையையே முணுமுணுத்துக்கொண்டு வந்தார். அதே மரம்தான். அதே மரம்தான்.

அதற்குப் பிறகு எங்கள் வீடு ஒரு பிரசவ ஆஸ்பத்திரி ஆனது. சம்பந்தி, விரல் பருமனில் நல்ல கொம்புகளாகப் பார்த்து, நாலைந்து கணு இருக்கும்படி ஒரு முழத்துக்கும் குறைவாக நறுக்கினார். ஈரக் காகிதத்தில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு, இளஞ்சூடு வேண்டும் என்று ஃபிரிட்ஜின் தலைமேல் படுக்கவைத்தார். காகிதத்தைப் பிழிந்து பிழிந்து பார்ப்பார். சொட்டினால் அழுகிவிடும், காய்ந்தால் கருகிவிடும். யாராவது ஃபிரிட்ஜ் கதவை ஓங்கிச் சாத்தினால் "மெதுவா, மெதுவா" என்று ஓடிவருவார்.

"சத்தத்துல முழிச்சுக்கப் போகுதா சம்பந்தி? முழிக்கட்டுமே, அதுக்குத்தானே காத்திருக்கோம்" என்பேன்.

சிலவற்றில் பூஞ்சை படிந்தது. துணியால் துடைத்துத் துடைத்துப் பார்த்தார், அழுகிப்போயின. சிலவற்றில் தோலைப் பிதுக்கிக்கொண்டு வெள்ளைப் பரு மாதிரி கிளம்பியது. ஒரு நாள் அந்தப் பருவிலிருந்து நூல் நூலாக வேர். சம்பந்தி கண்ணில் தண்ணீர் வைத்துக்கொண்டார். இதை எழுதத்தான் மருமகள் பேனாவை மூடினாள். திறந்துவிட்டாள்.

வேர் விட்டதையெல்லாம், அடியில் ஓட்டை போட்ட தெளிவான பிளாஸ்டிக் டம்ளர்களில், தேங்காய் நார்த்தூளும் பருமணலும் கலந்து நட்டார். சுற்றிலும் ஈரக்காற்று வேண்டும் என்று நர்சரிக்காரர் சொன்னதும், மனிதருக்குப் பழைய கை வந்துவிட்டது. கடையில் கிடந்த துண்டுக் கண்ணாடிகளைக் கொண்டுவந்து, சிலிக்கான் பசை வைத்து ஒட்டி, மூடியோடு ஒரு பெட்டி செய்தார். மூலைக்கு மூலை அப்படி ஒரு நறுவிசு. அதைக் கூடத்து ஜன்னலருகே, நல்ல வெயில் விழுகிற இடத்தில் வைத்தார். உள்ளே பனித்துளி கோத்து நிற்கும். அதன் நடுவே இலைகள் ஒவ்வொன்றாக விரிந்தன. சில கொம்புகள் வேர் போதாமல் இலையை மட்டும் அவசரமாக விட்டுவிட்டு, மறுவாரமே தலை தொங்கிச் செத்தன. வேரில்லாமல், கொம்பில் இருந்த சாரத்தைத் தின்றே வளர்ந்த இலை அது. குளிர் குறைந்தபோது மூன்று மிஞ்சின, அவற்றைச் சின்னத் தொட்டிகளுக்கு மாற்றினார். மூன்றும் என் உள்ளங்கை அகலத்தில் இலை விட்டு, பார்க்கவே வயிறு நிறைகிற பச்சையில் நின்றன.

இதற்கிடையில் கறார் மருமகளுக்குப் போன் செய்வார். எல்லாரும் நல்லா இருக்கீங்களா என்பார். வைக்கப் போகும்போது, "இருமல் எப்படி இருக்கு?" என்பார். யாருக்கு இருமல் என்று சொல்ல மாட்டார். "கொஞ்சம் தேவல அத்தை" என்பாள் இவள். போன் வைக்கப்பட்டுவிடும். சம்பந்தி பக்கத்து அறையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பார். கொம்பு வேர் விட்டுச் செடியாகியிருக்கிறது, அத்தையிடம் சொல்லவா என்று மகள் கேட்டதற்கு, "வேண்டாம், முதல்ல வெளியில வெச்சு நிலைச்சு நிக்கட்டும், அப்புறம் சொல்லலாம். பாதியில போயிடுச்சுன்னா என்னால ரெண்டாவது தடவை அந்தப் பார்வையைப் பாக்க முடியாது" என்றார்.

செடியை வெளியே பழக்குகிற சமயம் வந்தது. நர்சரிக்காரர் போனில் சொன்னார்: "முதல்ல நிழல்ல வையுங்க, கொஞ்ச நேரம். அப்புறம் காலை வெயில். மெதுவா ஏத்திக்கிட்டே போங்க."

சம்பந்தி போனை வைத்துவிட்டுச் சிரித்தார். "நிழலா? பொறந்ததுலேருந்து வெயில்லயே வளந்த பிள்ளைங்க. என் கண்ணாடியில வெயில் அப்படியே வரும் சம்பந்தியம்மா, ஒரு பொட்டு குறையாது. அதுதானே நல்ல கண்ணாடிக்கு அழகு?"

"காத்தே படாத பிள்ளைங்க. அந்த ஜன்னலையாவது கொஞ்சம் திறந்து வைங்க."

"குளிர்க் காத்து. ஒத்துக்காது."

மூடித்தான் இருந்தது. ஒரு பளிச்சென்ற நாளில் மூன்று செடிகளையும் குளிப்பாட்டின குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனார். நல்ல உச்சி வெயிலில் வரிசையாக வைத்துவிட்டு வந்தார். சாயங்காலம் போய்ப் பார்த்தால் இலைகள் நனைந்த துணி மாதிரி தொங்கின. தண்ணீர் ஊற்றினார். மறுநாள் அவை காகிதம்போல் வெளுத்தன, பிறகு ஓரம் சுருண்டு பழுப்பாகி ஒவ்வொன்றாக உதிர்ந்தன. இரண்டு செடிகள் அடிவரை சுருங்கி, நெற்றுபோல் காய்ந்துவிட்டன. மூன்றாவது, வெறும் கொம்பாக நின்றது.

"கண்ணாடி வெயிலைத் தின்னுடுது போலிருக்கு" என்றார் சம்பந்தி. மாடியின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். "காலம் பூரா வித்தேன். எனக்கே தெரியல பாருங்க."

அந்த வீட்டில் யாருக்கும் அன்று சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் காலையில் அவர் மூன்று தொட்டிகளையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு படியிறங்கினார். கீழே குப்பைத் தொட்டி. எனக்கு முழங்கால் வலி உண்டு, ஒவ்வொரு படியாக மெதுவாகத்தான் இறங்குவேன். அன்று வேகமாக இறங்கினேன். அவர் பையைத் தூக்குவதற்குள் பிடித்துக்கொண்டேன்.

"குடுங்க சம்பந்தி."

"விடுங்க சம்பந்தியம்மா. செத்துப்போச்சு."

"எப்படித் தெரியும்?"

"ஒரு இலை இல்லையே!"

"போன தடவையும் இதையேதானே சொன்னீங்க?"

பையைப் பிடித்திருந்த கை அப்படியே நின்றது. நான் விடவில்லை, அவரும் விடவில்லை. கீழ்வீட்டுக்காரர் கதவைத் திறந்து, இரண்டு கிழங்கள் குப்பைக்குச் சண்டை போடுவதைப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் மூடிக்கொண்டார். சம்பந்தி படியில் உட்கார்ந்தார். பைக்குள் கைவிட்டு முதல் தொட்டியை எடுத்து, அந்தத் தழும்பு விழுந்த கட்டைவிரலின் நகத்தால் கொம்பின் தோலை லேசாகச் சுரண்டினார். பழுப்பு. இரண்டாவது, பழுப்பு. மூன்றாவது தொட்டியை நான் பிடித்துக்கொள்ள, அதையும் சுரண்டினார்.

பச்சை. ஈரப் பச்சை. ஒரு சொட்டுப் பால்கூட எட்டிப் பார்த்தது.

"தூங்குது" என்றார் சம்பந்தி.

அதன் பிறகு ஒரு அவசரமும் படவில்லை. முதலில் ஜன்னல் திறந்தது. நான் திறக்கவில்லை, அவரே திறந்தார். கொம்பு திறந்த ஜன்னலருகே உள்பக்கம் நின்றது. பிறகு பால்கனியில், காயப்போட்ட போர்வையின் நிழலில். காலையில் வெளியே, வெயில் ஏறுவதற்குள் உள்ளே. காற்று பலமாக அடித்தால் அவர் முதுகைக் கொடுத்து மறைத்துக்கொண்டு நிற்பார். பிறகு இளவெயிலில் கொஞ்சம், நாளுக்கு நாள் இன்னும் கொஞ்சம். பால்கனியில் சாய்வு வெயில் போதாதபோது தொட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு கீழே இறங்கி, வாசல் பெஞ்சில் அதோடு உட்கார்ந்திருப்பார்.

"பிள்ளையை நடக்கப் பழக்குறீங்களா?" என்பார் கீழ்வீட்டுக்காரர்.

"இன்னும் தலையே நிக்கல. நடக்கிறதெல்லாம் அப்புறம்" என்பார் இவர்.

கொம்பின் நுனியில் கிளிமூக்கு மாதிரி ஒரு பச்சை கிளம்பியது. அது பிரிந்து வந்த இலை, கண்ணாடிப் பெட்டிக்குள் விட்ட இலை மாதிரி அகலமாக, மினுமினுப்பாக இல்லை. சின்னதாக, தடித்து, தொட்டால் சொரசொரவென்று இருந்தது. சம்பந்தி கண்ணை மூடிக்கொண்டு அதைத் தடவிப் பார்த்தார். "அக்கா வீட்டு இலை" என்றார். அது முழு நாள் வெயிலில் நின்றும் வாடவில்லை. இன்னொரு இலை வந்தது. அதுவும் நின்றது.

இன்னும் கொஞ்சம் பெரிதாகட்டும் என்று இழுத்தார். நான் விடவில்லை. "பழுத்த பிறகு கொண்டு போகலாம்னு இருக்கீங்களா? கூடையும் எடுத்துக்குவீங்களா?" என்றேன். அந்த வார்த்தை வேலை செய்தது.

பஸ்ஸில் தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் சீட்டில் உட்கார்ந்தார். செடிக்குக் காற்று பலமாக அடிக்கும் என்று ஜன்னலை மூடினார். என்னைப் பார்த்தார். பாதி திறந்தார்.

கறாரின் கேட்டுக்கு வெளியே நின்றோம். மருமகள் கதவைத் திறந்து உள்ளே போனாள். அப்பா நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. தாண்டாதே என்றால் தாண்ட மாட்டார். கறார் வெளியே வந்தார். ஊன்றுகோல் இல்லை, சற்றே சாய்ந்த நடை. தம்பியின் முகத்தைப் பார்க்கவில்லை, மடித்த கைக்குள் இருந்த தொட்டியைத்தான் பார்த்தார்.

"இதா?"

"இதேதான்க்கா. அதே மரம். நீ வெச்ச மரம்தான். வெட்டின கொம்புலேருந்து வந்தது."

"சின்னதா இருக்கே."

"வளந்துடும்க்கா."

"ம். நீயும் இத்தனூண்டுதான் இருந்த." தொட்டியை வாங்கி, இரண்டு கையிலும் ஒரு தடவை ஏந்தித் தூக்கிப் பார்த்தார், எடைமேடைக்காரர் ஆயிற்றே. "தண்ணி அதிகமா ஊத்தியிருக்க. வேர் அழுகிடும். வெளியில என்ன வேடிக்கை, உள்ள வா."

சம்பந்தி கேட்டைத் தாண்டினார்.

கொல்லைக்குப் போனோம். அங்கேதான் சம்பந்தி மறுபடி நின்றுவிட்டார். அவர் வழவழவென்று பூசிய சிமெண்ட்டில் ஒரு பகுதி பெயர்க்கப்பட்டு, ஓரமாகச் சில்லு சில்லாகக் குவிந்திருந்தது. உள்ளே ஜல்லி வாரப்பட்டு, மண் கொத்திப் பொலபொலவென்று கிடந்தது. குழி. அதன் கரையில் புல் முளைத்துப் பழுத்தும் இருந்தது. நேற்று இன்று வெட்டியது இல்லை.

"யாருக்கா இதை உடைச்சது?"

"நீ பூசின சிமெண்ட்டுக்கு ஆள் வேற வைக்கணுமா? பிஸ்கட் மாதிரி பேந்து வந்துச்சு. நாலு தட்டுதான்."

"காலை வெச்சுக்கிட்டு நீயேவா?"

"எவ்வளவு நாளைக்கு உனக்காகக் காத்துக்கிட்டிருக்கிறது?"

இன்னொன்றைச் சம்பந்தி கவனித்தார். நான் கவனிக்கவில்லை, அவர்தான் ஜன்னல் பார்க்கிறவர். குழி பழைய இடத்தில் இல்லை. சுவரை விட்டுத் தள்ளி, ஜன்னல் கதவு முழுக்க விரிந்தாலும் கிளையில் இடிக்காத தூரத்தில் இருந்தது. கதவு அப்போது திறந்தே இருந்தது. கண்ணாடி பளபளவென்று துடைத்திருந்தது.

"ஜன்னல் இருக்கட்டும்னு தோணுச்சா அக்கா?"

"வெளிச்சம் நல்லாத்தான் வருது. மரத்துக்கும் ஜன்னலுக்கும் சண்டையா என்ன? எனக்கும் உனக்கும்தானே?"

செடியைக் குழியில் இறக்கினார்கள். அக்கா மண்ணைத் தள்ள, தம்பி கையால் அமுக்கினார். முதல் கொஞ்ச நாளைக்கு நிழல் வேண்டும் என்று நான்கு குச்சி ஊன்றிப் பழைய துணி ஒன்றைக் கட்டினோம். "பனிக்காலத்துக்கு ஒரு கண்ணாடிக் கூண்டு பண்ணித் தரட்டுமா அக்கா?" என்று கேட்டார் சம்பந்தி.

"கண்ணாடியைத் தூக்கிக்கிட்டு இந்தப் பக்கம் வந்துடு, காலை உடைக்கிறேன்."

மறுநாள் டீ நேரத்துக்குப் போன் அடித்தது. முதல் மணியிலேயே எடுத்தார். "ம்", "ஆச்சு", "ம்". டீயைச் சூடாகவே குடித்தார்.

செடி கோடை முழுக்க வளர்ந்தது. ஜன்னலின் அடிச்சட்டத்தைத் தொட்டுவிட்டது என்று கறார் போனில் சொல்லுவார், இலையில் எறும்பு வந்திருக்கிறது என்று தம்பியைத் திட்டுவார், எறும்பையும் இவர்தான் அனுப்பியது போல. இந்தக் குளிரில் ஒரு காலை போன் வந்தது. இவர் "ம்" என்றார். பிறகு ஒன்றும் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"என்னவாம்?"

"இலையெல்லாம் கொட்டிடுச்சாம்" என்றார். முகம் நிறையச் சிரிப்பு. "பயப்படாத, தூங்குதுன்னு சொல்றா."

அன்றே அக்கா வீட்டுக்குப் போனார், கூடை இல்லாமல். நாங்களும் போனோம். கழுத்து வரை துணி சுற்றிக்கொண்டு, கொல்லையில் நின்று அந்த மொட்டைக் கொம்பைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நுனியில் மொட்டு, கூம்பிய விரல்போல் மூடி நின்றது. ஒரு அடி எடுத்து வைத்தார், தொட்டுப் பார்க்க.

திறந்த ஜன்னலுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"கிட்டப் போகாத. கையைக் கட்டிக்கிட்டுப் பாரு."

சம்பந்தி கையைக் கட்டிக்கொண்டார்.